முதல் சொகுசு மின்சார எஸ்யூவி: ஷோரூமுக்குப் போகுமுன் கொட்டகையைப் பாருங்கள்

கும்பகோணத்தில் வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இப்போதெல்லாம் அதில் பெரும்பகுதி, வீடுகளில் கார் சார்ஜர் மாட்டும் வேலை. டாக்டர், அரிசி ஆலைக்காரர், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவர் என்று டெல்டாவில் ஐம்பது அறுபது லட்ச ரூபாய்க்கு மின்சார எஸ்யூவி வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். "பத்து வருஷம் வச்சுக்கப் போறேன் தம்பி" என்று தவறாமல் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் பார்த்த அதே தவறுகளைத்தான் புதிதாக வாங்குகிறவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

டெஸ்ட் டிரைவ் போங்கள், விளம்பரத்தில் போட்ட ரேஞ்சை அப்படியே நம்பாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரை முதலில் வாங்கிவிட்டு, கரன்ட்டைப் பிறகு பார்ப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத தவறு இது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரி. கார் வந்திறங்கி, கோயிலில் மாலை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. காரோடு சுவர் சார்ஜரும் இலவசம். மாட்ட வந்த பையன்கள் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான் வயர் இழுப்பார்களாம். வீடோ நம் ஊர்ப் பழைய வீடு. மீட்டர் தெருப்பக்கம் திண்ணையில், கார் நிற்பது கொல்லைக் கொட்டகையில். நடுவில் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் தாண்ட வேண்டும். வந்தவர்கள் சார்ஜரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒருவர் 4 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு, எர்த் கோளாறு. அவர் பெட்டியைத் திறந்தார், கரன்ட் திரும்பிப்போகும் நியூட்ரல் வயரையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தார், மூடினார். பச்சை விளக்கு வந்துவிட்டது. "ஜம்முன்னு ஏறுதுண்ணே" என்று சொல்லிக் கூலியையும் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் ஏறியது. அப்புறம் ஒரு காற்று மழை இரவில் தென்னை மட்டை விழுந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் லூசாகிவிட்டது. காலையில் காரைத் துடைக்க வந்த பையன் கதவில் கை வைத்ததும் உதறிக்கொண்டு விலகி, "ஐயா, கார் கடிக்குது" என்று கத்தியிருக்கிறான். நான் போய் டெஸ்டரைக் கதவுக் கைப்பிடியில் வைத்தேன். நன்றாகவே எரிந்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அந்தப் பையன் தப்பித்தான்.

நடந்தது இதுதான். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சார்ஜர் காருக்குக் கரன்ட் விடும். காரின் உடம்பு முழுக்க அந்த எர்த் வயரோடுதான் சேர்ந்திருக்கிறது. நியூட்ரலை அதில் முடிச்சுப் போட்டால் சார்ஜர் ஏமாந்துவிடும். ஆனால் தெருவில் நியூட்ரல் விட்டுப்போன நிமிடம், ஃபேனும் பிரிட்ஜும் வழியாக வந்த கரன்ட் திரும்பிப்போக வழியில்லாமல் நேரே காரின் தகரத்துக்கு வந்து நிற்கும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் போனால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கும், இன்னொன்றில் 300ஐத் தாண்டிக்கூடப் போகும். அன்று இரவு அப்படிப் போனதில் வீட்டுக் கரன்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தர காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் கருகிவிட்டது. வெளி மின்சாரத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனி கைவிரித்தது. இன்ஷூரன்ஸ்காரர் வயரிங்கைப் படம் எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் கையிலிருந்து கொடுத்த காசுக்கு நல்ல நிலையில் ஒரு பழைய ஆல்டோ வாங்கியிருக்கலாம்.

இதைச் சொன்னால் "ஒருத்தன் தப்பாப் போட்டான், அவ்வளவுதானே" என்கிறார்கள். இல்லை. பழைய வீடுகளில் இந்த முடிச்சை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் போட்டுப் பழகிய கை அது. அவற்றை அரை மணி ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடுகிறோம். கார் ராத்திரி முழுக்க 32 ஆம்பியர் இழுக்கிறது. டெல்டாவில் வேறு எந்த வீட்டுச் சாமானும் இத்தனை மணி நேரம் இவ்வளவு இழுப்பதில்லை.

ஆகவே புக்கிங் பணம் கட்டுமுன் முதலில் மின்வாரிய ஆபீஸுக்குப் போங்கள். உங்கள் இணைப்பின் அனுமதி லோடு எவ்வளவு, மும்முனையா ஒருமுனையா என்று கேளுங்கள். உங்கள் தெருவுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர், அதில் எத்தனை பம்புசெட் தொங்குகிறது என்று லைன்மேனிடம் கேட்டால் சொல்லிவிடுவார். 63 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு 11 கிலோவாட் சார்ஜர் மாட்டினால், அந்த ஒரு காரே ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும். லோடு உயர்த்த விண்ணப்பம் கொடுத்து, டெபாசிட் கட்டி, மீட்டர் மாற்றி முடிய எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. கார் அதற்குள் வந்துவிடும்.

பிறகு வோல்டேஜ். மாலை ஏழு மணிக்கும் விடியற்காலையிலும் அளந்து எழுதி வையுங்கள். குறுவை நாற்றங்கால் காலத்தில், மேட்டூர் திறக்க ஜூன் 12க்குக் காத்திராமல் போர் மோட்டார்கள் ஓடும் சமயத்தில் அளந்தால் உண்மை தெரியும். கடைசிக் கம்பத்து வீடுகளில் 190 வோல்ட்டுக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 7.2 கிலோவாட் என்று விற்ற சார்ஜர் அங்கே ஆறுதான் தரும். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டாதீர்கள், காருக்கு அது வேண்டாம். ஆப்பில் ஆம்பியரைக் குறைத்து வைத்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் ஏறும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

வயர் கணக்கு இன்னும் எளிது. மீட்டரிலிருந்து கொட்டகைக்கு 40 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 32 ஆம்பியர் என்றால் வழியிலேயே 12 வோல்ட் போய்விடும். நானூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவான சூடு உங்கள் சுவருக்குள் இருக்கும் பைப்பில் ராத்திரி முழுக்க இறங்கும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 5 வோல்ட்டுக்குள் அடங்கும். விலை கூடத்தான், ஆனால் ஒரே தடவை போடுவது.

எர்த்துக் குழியைத் தோண்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். கிணற்றடியில் தாத்தா காலத்தில் இறக்கிய ஜிஐ பைப், மேலே பார்க்கத் தெம்பாகத்தான் தெரியும். மண்ணுக்கடியில் துருப்பிடித்துத் தூளாகியிருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றும் உப்புநீரும் சேர்ந்து இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். உள்டெல்டாக் களிமண் ஈரம் காக்கும், அதனால் நல்ல செம்புப் பூச்சுக் கம்பி இறக்கினால் 5 ஓமுக்குக் கீழே கொண்டுவருவது கஷ்டமில்லை. எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குண்டு பல்பை எரியவிட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லோடு கூடினால் விழும் எம்சிபி மட்டும் போதாது. கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும், அதிலும் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வகை. டிசி கசிவுக்கான பாதுகாப்பு சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ டைப் ஆர்சிசிபி போதும், இல்லையென்றால் பி டைப். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் தடுப்பானும் மாட்டிவிடுங்கள். இவ்வளவும் சேர்த்தாலும் காரின் ஆன்ரோடு விலையில் தூசு.

இந்த வேலை சரியாக நடக்க வழியில்லாத வீடு என்றால், அந்தக் கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரிய சார்ஜர் வாங்குவது

கார் 11 கிலோவாட்தான் வாங்கும் என்றால், 22 கிலோவாட் சார்ஜர் மாட்டினாலும் 11தான். 70 கிலோவாட் மணி பேட்டரி 11இல் ஏழு மணி நேரத்தில் நிறையும். 7.2இல் பத்துப் பதினொரு மணி நேரம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு நாளைத் தாண்டும், கூடவே பிளக்கும் உருகும்.

பம்புசெட் கரன்ட்டில் போடுவது

வேண்டாம். அது விவசாயத்துக்குக் கொடுத்த இலவசம். 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் பிடிபட்டால் இரண்டு மடங்கு கட்டணம்.

மாடலின் ஆயுளை யோசிக்காதது

பத்து வருடம் ஓட்டப்போகிறவர் பார்க்க வேண்டியது, அந்தக் கார் பத்து வருடம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும் என்பதைத்தான். மெர்சிடிஸ் ஈக்யூசி 2020இல் இந்தியாவுக்கு வந்தது, 2023இல் உலக அளவிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. ஜாகுவார் ஐ-பேஸ் 2021இல் இங்கே வந்தது, அதுவும் இப்போது இல்லை. இரண்டும் நல்ல கார்கள்தான். ஆனால் இன்று ஒரு கண்ணாடியோ கன்ட்ரோல் யூனிட்டோ வேண்டுமென்றால், எண்ணிக்கையில் குறைவாக விற்ற காருக்குப் பாகம் தேடும் கதைதான். இந்தியாவிலேயே பாகங்களைப் பூட்டித் தயாரித்து, ஓரளவு நிறைய விற்கும் மாடலுக்கு என் ஓட்டு. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 சென்னைக்குப் பக்கத்திலும், ஹூண்டாய் ஐயோனிக் 5 ஸ்ரீபெரும்புதூரிலும் தயாராகின்றன. அது பெரிய ஆறுதல்.

வாரண்டிப் புத்தகத்தையும் படியுங்கள். எட்டு வருடம், 1.6 லட்சம் கிலோமீட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் பேட்டரிக்கு மட்டும். ஆன்போர்டு சார்ஜரும், 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் யூனிட்டும் பல கம்பெனிகளில் காரின் சாதாரண வாரண்டியில்தான் வரும், அது சில வருடங்களில் முடிந்துவிடும். அந்த யூனிட் சும்மா கெடாது என்று நினைக்க வேண்டாம். 2024இல் இந்தியாவிலேயே ஐயோனிக் 5, கியா ஈவி6 இரண்டையும் அதற்காகத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். நீட்டிப்பு வாரண்டியில் பேரம் பேசுங்கள், சீட் கவரில் வேண்டாம்.

திருச்சி சர்வீஸ் சென்டரில் காரைக் கழுவுவார்கள், ஃபில்டர் மாற்றுவார்கள். ஆரஞ்சு நிற உயர் அழுத்த வயரில் கை வைக்கப் பயிற்சி பெற்றவர் அங்கே இருக்கிறாரா, இல்லை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

அடிவயிற்றை மறப்பது

பேட்டரி இருப்பது காரின் அடித்தளத்தில். ஐயோனிக் 5இன் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். நான்குவழிச் சாலையில் ஒன்றும் தெரியாது. அறுவடைக் காலத்தில் திருவாரூர்ப் பக்கம் கிராமத்துச் சாலைக்கு வாருங்கள். பாதி ரோட்டில் நெல் காயும், யாரும் ஏற்றிவிடக்கூடாது என்று ஓரத்தில் கருங்கல் வரிசை, அந்தப் பக்கம் அறுவடை மெஷின் உதிர்த்துவிட்டுப் போன காய்ந்த மண்கட்டி. பகலில் ஒதுங்கிவிடுவீர்கள். இரவில் அந்தக் கல் பேட்டரிப் பெட்டியில் அடித்தால், லேசான நசுங்கலுக்கே முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வரும். நிறையப் பேர் ஏறிய நிலையில், உங்கள் ஊர் வேகத்தடையில் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழிக்காத பாலிசியும், பேட்டரிக்கான தனிப் பாதுகாப்பும் இருக்கட்டும்.

எலி

அறுவடை முடிந்ததும் வயல் எலி கொட்டகைக்கு வரும், கார் வயரைக் கடிக்கும். கொட்டகையில் நெல் மூட்டை வைக்காதீர்கள்.

ஸ்டெப்னி

பல மாடல்களில் கிடையாது. புக்கிங்குக்கு முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

வருமான வரிச் சலுகையை நம்பி லோன் போடுவது

மின்சார வாகன லோன் வட்டிக்கு வரிக் கழிவு தரும் 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதித்த லோனுக்கு மட்டும். ஆடிட்டரைக் கேட்காமல் விற்பனைப் பிரதிநிதி சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கார் இங்கே, ஆள் அங்கே

கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் இது சகஜம். வளைகுடாவிலோ மலேசியாவிலோ வேலை, கார் மட்டும் ஊர் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும். போகும்போது பாசத்தோடு நூறு சதவீதம் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். நிக்கல் வகை பேட்டரிக்கு அதுதான் கெடுதல். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிறைந்த வயிற்றோடு கிடந்தால் அதன் ஆயுள் குறையும். பாதியில் விட்டுவிட்டுப் போனால் போதும். பிஒய்டி கம்பெனி கார்களில் வருவது போன்ற எல்எஃப்பி (நிக்கல் இல்லாத, இரும்பு பாஸ்பேட் வகை) பேட்டரியாக இருந்தால் ஓட்டும் நாட்களில் அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள், அது வேறு. நிறுத்திவிட்டுப் போகும்போது அதற்கும் பாதிதான். எந்த வகை என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெரிய பேட்டரி பாதியில் நன்றாகவே இருக்கும். செத்துப்போவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் கதவும் திறக்காது, சார்ஜர் மூடியும் திறக்காது, அறுபது லட்சம் ரூபாய் காரைச் சுற்றி நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம், சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை எடுத்துக் காட்டி, எந்தக் கதவில் எந்த ஓட்டையில் போட வேண்டும், பானெட்டை எப்படித் திறக்க வேண்டும் என்று ஒருமுறை செய்ய வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.