கராஜை நீங்களே சீரமைக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கும் நம்மவர்கள் முதல் ஓரிரு வருடம் கராஜைக் கண்டுகொள்வதே இல்லை. பிரிக்காத அட்டைப்பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள், காஸ்ட்கோ தண்ணீர் பாட்டில் என்று நிரம்பி வழிந்து, கடைசியில் கார் வெளியே நிற்கும். திடீரென்று ஒரு சனிக்கிழமை வேகம் வரும். ஹோம் டிப்போவுக்குப் போய் முதலில் வாங்குவது பளபளக்கும் எபாக்சி தரைப்பூச்சு. வரிசை அங்கேயே தப்பிவிடுகிறது.

தரைதான் கடைசி வேலை. வயரிங், இன்சுலேஷன், ஜிப்சம் பலகை (டிரைவால்), பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்தபிறகுதான் தரைக்கு வர வேண்டும். முதலிலேயே பூச்சடித்துவிட்டு அதன்மேல் ஏணி இழுத்து, ஜிப்சம் தூசியைக் கொட்டித் தேய்த்தால், பூச்சு போட்ட காசு வீண்.

இன்னொன்று, வீட்டோடு ஒட்டியிருந்தாலும் கராஜ் ஓர் அறை அல்ல. கார், பெட்ரோல் போட்ட புல்வெட்டி, பெயிண்ட் டப்பா, பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் எல்லாம் அங்கேதான். அவற்றுக்கும் நீங்கள் தூங்கும் இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு ஜிப்சம் பலகை. ஹாலை அலங்கரிக்கிற மனதோடு கராஜில் கைவைப்பதால்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

அந்தப் பொதுச்சுவர்

பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதிகளின்படி, கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரில் கராஜ் பக்கம் குறைந்தது அரை அங்குல ஜிப்சம் பலகை இருக்க வேண்டும். மேலே படுக்கையறை போல ஆள் புழங்கும் அறை இருந்தால் கராஜ் கூரைக்கு 5/8 அங்குல 'டைப் எக்ஸ்' (தீயைக் கூடுதல் நேரம் தாங்கும்) பலகை. வீட்டுக்குள் போகும் கதவு 1⅜ அங்குல கனமுள்ள கெட்டி மரம் அல்லது எஃகு, இல்லையென்றால் 20 நிமிடம் தீயைத் தாங்கும் சான்று பெற்றது. கராஜிலிருந்து நேராகப் படுக்கையறைக்குள் கதவு வைக்கவே கூடாது. உங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், நகராட்சி கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அரணில்தான் ஓட்டை போடுகிறோம். நாய் போய்வர அந்தக் கதவில் ஒரு சின்னக் கதவு வெட்டுகிறோம். தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல், மளிகைப் பை தூக்கி வரும்போது இடிக்கிறது என்று அதைத் தளர்த்திவிடுகிறோம். வெயில் தாங்கவில்லையே என்று வீட்டு ஏசி குழாயில் ஒரு கிளை எடுத்து கராஜில் திறப்பு வைப்பது இன்னும் மோசம். புகையும் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் போக நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. குளிர்ச்சி வேண்டுமென்றால் கராஜுக்கென்று தனியாக ஒரு மினி ஸ்பிளிட் (வீட்டுக் குழாயோடு சேராத சின்ன ஏசி) வையுங்கள்.

இன்சுலேஷனிலும் கோட்டை விடுவார்கள். பழுப்புக் காகிதம் ஒட்டிய கண்ணாடி நார் மெத்தைகளை ஸ்டட்களுக்கு (சுவருக்குள் நிற்கும் மரச் சட்டங்கள்) நடுவே அடைத்து, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுவது. அந்தக் காகிதம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதன்மேல் பலகை கட்டாயம். பலகையைத் தரையைத் தொடும்படியும் வைக்கக் கூடாது, அரை அங்குலம் தூக்கி அடியுங்கள். மிச்சிகனில் காரோடு வந்த பனி உருகும், ஹூஸ்டனில் மழை உள்ளே அடிக்கும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஜிப்சம் உறிஞ்சி மேலேற்றும், பிறகு பூஞ்சைதான்.

மின்சாரம்

பலகை அடிப்பதற்கு முன்பே எங்கெங்கே பிளக் பாயிண்ட் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இன்றைக்கு மின்சாரக் கார் இல்லாவிட்டாலும் நாளை வரும். சார்ஜர் மணிக்கணக்கில் ஓடுவதால் சர்க்யூட்டின் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் அது இழுக்கக் கூடாது. 48 ஆம்பியர் சார்ஜருக்கு 60 ஆம்பியர் சர்க்யூட் என்று கணக்கு வருவது இதனால்தான். வீட்டு மின் பேனலில் அவ்வளவு இடமிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

வயரிங்குக்குப் பர்மிட் எடுக்காமல் பலகையை மூடிவிடுவதும் உண்டு. சொந்த வீட்டில் சொந்தக்காரரே வயரிங் செய்யப் பல ஊர்களில் அனுமதி உண்டு, ஆனால் இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை சுவர் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் உடைத்துக் காட்டச் சொல்வார்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று, அந்த இரண்டாவது ஃப்ரீசர். துருவிய தேங்காய், முருங்கைக்காய், ஊரிலிருந்து வந்த கருவாடு எல்லாம் அதில்தான். கராஜில் உள்ள பிளக்குகளுக்கு ஜிஎஃப்சிஐ (கரன்ட் கசிந்தால் நொடியில் துண்டிக்கும்) பாதுகாப்பு கட்டாயம். அது ட்ரிப் ஆகி ஒருமுறை எல்லாம் கெட்டுப்போனதும், வீட்டுக்காரர் அதைக் கழற்றிச் சாதாரண பிளக்கை மாட்டிவிடுவார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஃப்ரீசரைத் திறப்பவருக்கு இருந்த ஒரே காவலும் போயிற்று. ஃப்ரீசருக்குத் தனி சர்க்யூட்டும், கரன்ட் போனால் ஒலிக்கும் சின்ன அலாரமும் போதும். அதோடு, குளிர்ப் பிரதேசத்தில் சாதாரண ஃபிரிட்ஜை வெப்பமில்லாத கராஜில் வைத்தால், 'உள்ளே போதுமான குளிர் இருக்கிறது' என்று நினைத்து கம்ப்ரஸர் ஓடாது. வெளியே பனி கொட்டும்போது மேல்தட்டில் ஐஸ்கிரீம் உருகிக் கிடக்கும். கராஜில் வைக்கவென்றே விற்கும் மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது தரை

எபாக்சி உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் எபாக்சி காரணமல்ல, அடியில் இருக்கும் கான்கிரீட்தான். முதலில் தரையில் ஆங்காங்கே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெய்க் கறையோ பழைய சீலர் பூச்சோ இருக்கிறது, அதன்மேல் எதுவும் ஒட்டாது. அடுத்து, 18 அங்குலச் சதுரமாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்தத் தரையில் எபாக்சி போட்டால் கொப்புளம் கிளம்பும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாளாவது ஆறப்போட வேண்டும்.

சொரசொரப்பு ஏற்றாமல் பூச்சு நிற்காது. சிலர் மியூரியாடிக் அமிலத்தைக் கொட்டிவிடுகிறார்கள். அதன் ஆவி, பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பானர், சைக்கிள் செயின், கதவு ஸ்பிரிங் எல்லாவற்றிலும் துருவை ஏற்றிவிடும். வைர கிரைண்டரை வாடகைக்கு எடுப்பதே மேல். ஆனால் தூசி உறிஞ்சும் வாக்குவம் மாட்டி, சரியான முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

கலவை விஷயம் கவனம். எபாக்சியின் இரண்டு பாகங்களையும் (ரெசின், ஹார்டனர்) கலந்த நொடியிலிருந்து அது சூடேறி இறுகத் தொடங்கும். வாளியிலேயே வைத்துக்கொண்டு ரோலரை முக்கி முக்கி அடித்தால், பாதித் தரை முடிவதற்குள் வாளி கையைச் சுடும், புகையும் வரும். கலந்ததும் தரையில் நீளக் கோடாக ஊற்றி, அங்கிருந்தே பரப்புங்கள். பின்சுவரில் ஆரம்பித்துப் பெரிய கதவை நோக்கி வாருங்கள், நாலு பேர் சிரிக்க மூலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். காற்றின் வெப்பத்தைவிடத் தரையின் வெப்பம் முக்கியம். டப்பாவில் எழுதியிருப்பதற்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் அவசரம். மறுநாளே நடக்கலாம், ஆனால் காரை ஏற்ற ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். ஹைவேயில் ஓடி வந்த டயரின் சூடு, முழுசாக இறுகாத பூச்சை இளக்கும். டயர் ஆறும்போது அதை இழுத்துப் பெயர்க்கும். நான்கு டயர் இருந்த இடத்தில் மட்டும் கான்கிரீட் தெரியும் கராஜ்களின் கதை இதுதான்.

கூரையும் கதவும்

ஊரில் செங்கல் சுவரில் எங்கே வேண்டுமானாலும் ட்ரில் போட்டு பிளக் அடித்து ஷெல்ஃப் மாட்டிய கை, இங்கேயும் அப்படியே போகும். ஜிப்சம் எடை தாங்காது. பொதுவாக 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும் மர ஸ்டட்டின் நடுவில் திருகு ஏற வேண்டும். மேலே கொலுப்படி, சூட்கேஸ் வைக்கத் தொங்கும் பரண் மாட்டும் முன், கூரையில் இருப்பது சாதாரண உத்திரமா, தொழிற்சாலையில் மரத்துண்டுகளை முக்கோணங்களாகக் கோத்துச் செய்த டிரஸ்ஸா என்று பாருங்கள். பல டிரஸ்களின் கீழ்க்கட்டை, ஜிப்சம் பலகையையும் கொஞ்சம் இன்சுலேஷனையும் தாங்க மட்டுமே கணக்கிடப்பட்டது. படிக்கட்டுக்கு இடம் வேண்டுமென்று அதை வெட்டினால் கூரையின் பலமே போகும்.

கதவுக்கு இன்சுலேஷன் ஒட்டுபவர்கள் மறப்பது எடை. கதவின் பாரத்தைத் தூக்குவது மோட்டார் அல்ல, மேலே முறுக்கியிருக்கும் ஸ்பிரிங். இன்சுலேஷன் பலகை ஒட்டியபின் கதவை மூடிய நிலையில், மோட்டார் பக்கம் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்து, கையால் பாதிவரை தூக்கிப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும். அதை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். முறுக்கு விடுபட்டால் கம்பி சுழன்று அடித்துக் கை எலும்பை முறித்துவிடும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வரும் அன்றைக்கே, 1993 முதல் கட்டாயமான, தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டிய சென்சார் கண்கள் (குறுக்கே ஏதாவது வந்தால் மூடும் கதவைத் திருப்பி மேலேற்றுபவை) இரண்டும் புது ஷெல்ஃபுக்குப் பின்னால் மறையாமல் வேலை செய்கின்றனவா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.