மனித உரிமை ஆணையத் திருத்த மசோதாவுக்குக் கருத்துரை எழுதுவது எப்படி?

தேசிய மனித உரிமை ஆணையச் சட்டத்தைத் திருத்தும் மசோதா வெளியானதும், அதனுடன் இணைந்த நோக்க விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நடப்புச் சட்டத்தையும் மசோதாவையும் அருகருகே வைத்து, நீக்கப்படும் சொற்களையும் சேர்க்கப்படும் சொற்களையும் பிரிவுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோலாக, தேசிய மனித உரிமை ஆணையங்களுக்கான குறைந்தபட்சத் தரங்களாக ஐ.நா. பொதுச் சபை 1993-இல் ஏற்ற பாரிஸ் கோட்பாடுகளைக் கொள்ளலாம். ஆணையங்களுக்கு ‘ஏ’ (முழு இணக்கம்), ‘பி’ (பகுதி இணக்கம்) எனத் தரநிலை வழங்கும், தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பும் அவற்றைக் கொண்டே மதிப்பிடுகிறது.

அதிகாரங்களின் பட்டியலுக்குப் போகுமுன் நியமனப் பிரிவைப் படியுங்கள். தேர்வுக் குழுவில் ஆளுந்தரப்புக்கே பெரும்பான்மையா, காலியிடம் பொதுவில் அறிவிக்கப்படுமா என்பவை முதல் கேள்விகள். ஆஸ்திரேலியா 2022-இல் தன் சட்டத்தைத் திருத்தி, பொது அறிவிப்புடன் கூடிய, தகுதி அடிப்படையிலான தேர்வைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலோ மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 2019 திருத்தம் ஆணையத் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 3 ஆண்டுகளாகக் குறைத்ததோடு, உறுப்பினர்களைப் போலவே தலைவரின் மறுநியமனத்துக்கும் இடமளித்தது. குறுகிய காலமும் மறுநியமன வாய்ப்பும் சேரும்போது, நியமிப்பவரின் முகம் பார்த்து நடக்கும் ஆசை யாருக்கும் வரக்கூடும் என்பதால், இதை நான் பின்னடைவாகவே கருதுகிறேன். பதவி நீக்கத்துக்கான காரணங்களும் நிதி ஒதுக்கீடும் அமைச்சகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அதிக நேரம் கோருவது, பரிந்துரை வழங்கிய பிறகு என்ன நடக்கும் என்று கூறும் பகுதிதான். பெரும்பாலான ஆணையங்கள் உத்தரவிடுவதில்லை, பரிந்துரைக்கின்றன. ஆகவே அரசு பதில் சொல்ல வேண்டிய கெடுவில்தான் சட்டத்தின் வலு இருக்கிறது. மேற்சொன்ன இந்தியச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஆணையத்தின் அறிக்கையையும், எடுத்த நடவடிக்கையையும், பரிந்துரையை ஏற்காவிடில் அதற்கான காரணத்தையும் நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. எத்தனை நாட்களுக்குள் என்று சொல்லவில்லை. மசோதாவில் இத்தகைய மௌனங்களைத் தேடுங்கள். விதிவிலக்குகளையும் விட்டுவிடக் கூடாது: அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஆயுதப்படையினர் மீதான புகாரில் ஆணையம் நேரடியாக விசாரிக்க இயலாது, மத்திய அரசிடம் அறிக்கை கேட்டு, அதன்பேரில் பரிந்துரை வழங்கவே முடியும்.

கருத்துரையில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பிரிவு எண், தற்போதைய வாசகம், குறை, மாற்று வாசகம் ஆகியவற்றைத் தாருங்கள். “ஆணையத்தை வலுப்படுத்துக” என்ற வேண்டுகோளால் வரைவாளருக்குப் பயனில்லை. “அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் அரசு அதனை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்” என்று எழுதினால், அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்தால், அமைச்சகத்தோடு நில்லாமல் அக்குழுவுக்கும் ஒரு படி அனுப்புங்கள்.