ரோட்டில் ஓடுகிற வண்டியை அளந்து மொடல் செய்வது: லொறியில் தொடங்கி மொறிஸ் மைனர் வரை

மொடல் வண்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற வேலை இணையத்தில் படம் தேடுவது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கு அது தேவையில்லை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரும், 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரித்த ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றும் இங்கே இன்னும் ஓடுகின்றன, கலியாண வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கின்றன. பெற்றோல் வராத தொண்ணூறுகளில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினவை இப்படியான கார்கள்தான். கொம்பனியிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது மாதிரி மினுங்குகிற மொடலை எந்த நாட்டிலும் இருந்து செய்யலாம். இந்த ஊரில் எழுபது வருஷம் ஓடித் தேய்ந்த காரை, பக்கத்தில் நின்று பார்த்துச் செய்ய எங்களால்தான் முடியும். அதனால் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.

அளவு 1/24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது: ஒரு அடி அரை அங்குலமாகும். லொறிக்குப் பொடி (body) அடிக்கிற பாஸ்மார் இன்றைக்கும் அடி, அங்குலத்தில்தான் கதைப்பார்கள், அவர்கள் பதினாறு அடித் தட்டு என்றால் உங்கள் மேசையில் அது எட்டு அங்குலம், கல்குலேற்றர் வேண்டாம். மொறிஸ் மைனர் 12 அடி 4 அங்குல நீளம், அகலம் 5 அடி, உயரமும் ஏறத்தாழ அதே 5 அடி. மொடலில் நீளம் 157 மி.மீ., அகலமும் உயரமும் 63 மி.மீ. சொச்சம், முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவுக்கு 91 மி.மீ. இந்தக் கடைசி அளவு பிழைத்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும் பார்க்கிறவனுக்கு ஏதோ இடிக்கும். துண்டுகளாக வந்து நாங்களே ஒட்டுகிற அமெரிக்கக் கிற்றுகள் பல 1/25 அளவில் வரும், வித்தியாசம் நூற்றுக்கு நாலுதான், சில்லு, சீற், ஸ்ரியரிங் மாதிரிச் சின்னச் சாமான்களைத் தயங்காமல் கலக்கலாம்.

அளக்கப் போகும்போது சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். "ஐயா, இந்தக் காரை மாதிரி சின்னதாக ஒன்று செய்யப்போறன், ஒருக்கா அளந்து பார்க்கலாமோ?" என்று கேட்டால் மறுக்கிறவர் குறைவு, பெரும்பாலும் பொனற்றையும் திறந்து காட்டி அந்தக் காரின் கதையையும் சொல்லுவார்கள், அதையும் எழுதி வையுங்கள். படம் எடுக்கும்போது கிட்ட நின்று எடுக்கக் கூடாது. கிட்ட நின்றால் முன்பக்கம் ஊதிப் பின்பக்கம் சுருங்கித் தெரியும், அந்தப் படத்தை வைத்துக் கீறினால் கார் கோணலாகத்தான் வரும். முப்பது அடி தள்ளி நின்று, கமராவைக் கதவுக் கைபிடி உயரத்துக்குப் பதித்து, சூம் பண்ணி எடுங்கள். காரோடு ஒட்டி ஒரு அடிமட்டத்தை நிறுத்திவிட்டால் பிறகு அளவு பார்க்கச் சுகம். அப்புறம் சின்ன விஷயங்கள்: மட்காட் ஓரத்தில் எங்கே துரு, எந்தக் கதவு வேறு நிறம், பின்பக்கப் பூட் மூடியை எந்தக் கம்பியால் கட்டியிருக்கிறது. மொடலுக்கு உயிர் வருவது இவற்றால்தான்.

முதல் வேலையாகக் காரைத் தொடாதீர்கள். காரில் நேர்கோடே கிடையாது, எல்லாம் வளைவு. லொறி தட்டையான பலகைகளால் ஆனது, கை பழக அதுதான் நல்லது. கபினையும் எஞ்சினையும் இத்தாலெரி, ரெவெல் மாதிரிக் கொம்பனிகள் விடுகிற ஒரு 1/24 கிற்றிலிருந்தோ, அளவு பொருந்துகிற விளையாட்டு லொறியிலிருந்தோ எடுக்கலாம். கை வந்த பிறகு 1 மி.மீ. பிளாஸ்ரிக் தகட்டில் கபினையும் வெட்டி ஒட்டலாம், முகம் தட்டையான கபின் என்றால் ஆறு ஏழு துண்டுதான். பொடியை மட்டும் கட்டாயம் நீங்களே மரத்தில் செய்யுங்கள், பிளாஸ்ரிக்கில் மரக்கோடு கீறிக் கஷ்டப்படத் தேவையில்லை.

பலகைக்கு ஐஸ்கிறீம் குச்சி எடுக்கிறவர்கள் கனபேர். அது 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிப்பு. 24ஆல் பெருக்கிப் பாருங்கள், 240 மி.மீ. அகலமும் ரெண்டு அங்குலத் தடிப்பும் வரும், அப்படிப் பலகை எந்த லொறியிலும் இல்லை. கோப்பி கலக்கிற மெல்லிய மரக்குச்சி 6 மி.மீ. அகலத்தில் வரும், அதுதான் கணக்காக ஆறங்குலப் பலகைக்குக் கிட்ட. குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் ஐஸ்கிறீம் குச்சியை நீளவாக்கில் பிளந்து பாவியுங்கள்.

மரத்தைப் பழசாக்க பெயின்ற் வேண்டாம். சீனி போடாத கடும் பிளேன்ரீ ஊற்றி வையுங்கள். வேறு ஒரு போத்தலில் வினாகிரிக்குள் சட்டி தேய்க்கிற மெல்லிய இரும்பு நார் ஒரு உருண்டையைப் போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு இரவு, முடிந்தால் ரெண்டு இரவு விடுங்கள். குச்சிக்கு முதலில் தேநீரைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அந்த வினாகிரியைத் தூரிகையால் தடவுங்கள். தேயிலைச் சாயத்தில் இருக்கிற துவர்ப்பும் வினாகிரியில் கரைந்த இரும்பும் சேர்ந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மரம் சாம்பல் பூத்துக் கறுக்கும். ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு மாதிரிக் கறுக்கும், ஒன்று வெளிறி நிற்கும், பக்கத்தில் ஒன்று நல்லாய்க் கருகும், வெயிலும் மழையும் பட்ட லொறித் தட்டு அப்படித்தானே இருக்கிறது. ஒட்டுவதற்கு முதலே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும்.

சில்லுக்கு மேல் லொறியின் பாரத்தைத் தாங்குகிற வில்லுத்தட்டுக்கு விசிற்றிங் கார்ட் போதும். 3 மி.மீ. அகலத்தில் கீலம் கீலமாக வெட்டி, மேலே இருக்கிறது நீளம், கீழே போகப்போகக் கட்டை என்று அடுக்கி, பேனை ஒன்றில் வைத்து வளைத்து, ஓரத்தால் சுப்பர் குளூவை ஊறவிடுங்கள். கடதாசி பிளாஸ்ரிக் மாதிரி இறுகிவிடும், பிறகு உரஞ்சவும் துளைபோடவும் முடியும்.

ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெரிய லொறியில் 9.00-20 என்று இருந்தால் வெளிவிட்டம் ஏறத்தாழ 1020 மி.மீ., மொடலில் 42 மி.மீ. பின்னுக்கு நாலு, முன்னுக்கு ரெண்டு, ஸ்பெயார் ஒன்று, ஆக ஏழும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆகவே ஒன்றை மட்டும் வடிவாகச் செய்து, சிலிக்கன் அச்சு எடுத்து ரெசினில் வார்ப்பதுதான் புத்தி. மொறிஸுக்கு இந்தப் பாடு இல்லை. அதன் ரயர் 5.00-14, மொடலில் 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிப்பு. தண்ணி மோட்டர் திருத்துகிற கடையில் ஓ-ரிங் கேளுங்கள், இந்த அளவுக்குக் கிட்ட இருக்கும். ஆணி ஒன்றில் மாட்டி டிரில்லில் சுழலவிட்டு, வெளிப்பக்கத்தைச் சாண்ட் பேப்பரில் லேசாகத் தட்டையாக்கினால் அசல் ரயர்.

இனி கார். வெறும் கட்டையிலிருந்து செதுக்குவதற்கு முன் ஒரு உலோக மொடலை வாங்கி மாற்றிப் பழகுங்கள். மொறிஸ் மைனர் 1/43 அளவில் பல கொம்பனிகள் விட்டிருக்கின்றன. அடியில் ரெண்டு ரிவிற் தெரியும், அதன் தலையை மட்டும் 4 மி.மீ. துளைக்கம்பியால் ஆறுதலாகச் சுரண்டி எடுத்தால் பொடியும் செசியும் கழன்றுவிடும். கண்ணாடி, சீற் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பெயின்ற் ரிமூவர் பூசி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், கையுறை போட்டுக்கொண்டுதான். திரும்பப் பூட்டும்போது ரிவிற் இருந்த தூணில் சின்னத் துளை போட்டு, பழைய கைபேசியிலோ கண்ணாடிச் சட்டத்திலோ கழற்றின திருகாணியை இறுக்கலாம்.

நீங்கள் அளந்த கார் எந்த வருஷத்தது என்று இங்கேதான் கவனிக்க வேண்டும். 1956 வரை வந்த மொறிஸில் முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியோடு ரெண்டு துண்டு, அதற்குப் பிறகு வந்த மைனர் 1000 என்ற காரில் ஒரே வளைந்த கண்ணாடி. மிக ஆரம்பத்தில் வந்தவற்றில் முன்லைற் கீழே கிரிலோடு சேர்ந்து இருந்தது, பிறகுதான் மட்காட்டுக்கு ஏறியது. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து வெளியே விழுகிற கைகாட்டி 1961 வரை வந்தது. அதை மொடலில் ஒரு பக்கம் விழுந்த மாதிரி, செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் துண்டால் செய்து வையுங்கள், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றியாகத்தான் இருக்கும். பழைய இலக்கத்தகடு என்றால் கறுப்பில் வெள்ளை எழுத்து. ஈஎல், ஈஎன் மாதிரி ரெண்டு ஆங்கில எழுத்தும் இலக்கமும் கொண்ட தகடு, நடுவில் ஸ்ரீ எழுத்து வந்த இலக்கத்துக்கு முந்திய கார் என்று சொல்லும். வீட்டுப் பிரிண்டர் வெள்ளையை அச்சடிக்காது, அதனால் வெள்ளைத் தாளில் கறுப்புப் பின்னணியை அச்சடித்து எழுத்தை வெறுமையாக விடுங்கள். லொறி நெற்றியில் எழுதுகிற "நல்லூர்க் கந்தன் துணை"க்கும் இதே வழிதான், பின்னணி நிறம் மட்டும் லொறியோடு பொருந்த வேண்டும்.

முழுக் காரையும் நீங்களே செதுக்குகிற நாள் வந்தால் ஒரு எச்சரிக்கை. ரிஜிபோமில் (வெள்ளை நுரைப்பலகை) உருவம் வெட்டி, அதன்மேல் கராஜில் பள்ளம் நிரப்பப் பாவிக்கிற பட்டியைப் பூசினால் ரிஜிபோம் உருகிப் போகும். காட்போட்டில் குறுக்குவெட்டுகளை வெட்டிப் பத்து மி.மீ.க்கு ஒன்றாக நிறுத்தி, இடையை மெல்லிய மரத்தால் நிரப்பிவிட்டு அதன்மேல் பட்டி பூசுங்கள்.

பெயின்ற் விஷயத்தில் எங்கள் காலநிலையைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். மொடலுக்கென்றே வருகிற டாமியா பெயின்ற் நல்லதுதான், ஆனால் ஸ்பிறே ரின்னும் தின்னரும் தீப்பற்றும் சாமான் என்பதால் வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பது சிக்கல். கார் பெயின்ற் கலந்து தருகிற கடையில், அளந்த காரின் நிறத்தைக் காட்டிக் கொஞ்சம் கலந்து வாங்குங்கள். அது பிளாஸ்ரிக்கைத் தின்னும், பிறைமர் அடித்துவிட்டு, முதல் ரெண்டு தரம் பனி படிகிற அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். மாரி காலத்தில் ஈரம் பிடித்து வெள்ளைப் படலம் விழும், அந்த மாதங்களில் மரவேலையைப் பாருங்கள். சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் வெளியே அடித்தால் தூசு முழுக்க மொடலில்தான். மத்தியான வெயிலில் பெயின்ற் போய்ச் சேர முதலே காற்றில் காய்ந்து, மேல் சொரசொரக்கும். காலை ஏழு, எட்டு மணி, அறைக்குள் ஒரு பெரிய காட்போட் பெட்டிக்குள் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு அடியுங்கள். ஹாட்னர் கலக்கிற கிளியர் கோட் மூச்சுக்கு மிகவும் கெடுதி, சரியான வடிகட்டி மாஸ்க் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். பம்பர், கிரிலுக்குச் சொக்லேற் சுற்றிவருகிற மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி, பஞ்சுக்குச்சியால் அழுத்துங்கள். சாதாரண வெள்ளிப் பெயின்ற் அந்த மினுக்கத்தைத் தராது.

தூசுக்குக் கடைத் தூள் வாங்காதீர்கள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் ஒரு பிடி செம்மண் எடுத்து, நன்றாகக் காயவைத்து, அம்மியிலோ உரலிலோ அரைத்து, பழைய நைலோன் காலுறையில் ரெண்டு தரம் அரித்தால் மா மாதிரி வரும். மணல்காட்டுப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் வெளிறின மணல் நிறம் வேண்டும். செம்மண் முதலில் பிடிப்பது மட்காட்டின் உட்பக்கம், பிறகு சில்லுக்குப் பின்னால் கதவின் கீழ் ஓரம், கடைசியாகத்தான் பின்பக்கப் பலகை. கூரையில் போடாதீர்கள், சாரதிமார் காலமை துடைக்கிற இடம் அது. தூரிகையால் தூளை வைத்து, மினுங்காத (மற்) வார்னிஷைத் தூரத்திலிருந்து ஒரு தரம் அடியுங்கள். வார்னிஷ் பட்டதும் நிறம் ஒரு மட்டம் கறுக்கும், ஆகவே வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளிறலாகத் தொடங்குங்கள்.

லொறியும் காரும் கை வந்த பிறகு தட்டிவானைச் செய்யுங்கள். கொடிகாமம் - பருத்தித்துறை ரோட்டில் ஆட்களையும் சாமானையும் ஏற்றி ஓடின அந்த வண்டிகளை வேறு எங்கேயும் எவரும் கிற்றாக விடப்போவதில்லை. பழைய செவ்ரோலே பிக்கப் கிற் ஒன்றின் முகமும் பொனற்றும், லொறியில் பழகின மரவேலையும் போதும். பின்தட்டைத் தாங்குகிற சங்கிலிக்குப் பான்சிக் கடையில் மெல்லிய மாலை ஒன்றை வாங்குங்கள், ஒரு கண்ணி 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. தட்டில் வைக்க வெங்காயச் சாக்கு, வாழைக்குலை, சைக்கிள் ஒன்று.

முடிந்த மொடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். கிற்றோடு வருகிற மெதுவான ரயர்கள் வருஷக்கணக்கில் பிளாஸ்ரிக் றிம்மோடு ஒட்டிக் கிடந்தால் றிம்மை உருக்கும், எங்கள் வெக்கைக்கு இன்னும் கெதியாக. றிம்முக்கு முதலே பெயின்ற் அடித்து, ரயருக்கும் றிம்முக்கும் இடையில் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டு மாட்டுங்கள். பாரமான மொடல் என்றால் அச்சுக்குக் கீழே ஒரு சின்ன மரத்துண்டை வைத்து, சில்லு நிலத்தில் முட்டியும் முட்டாமலும் நிற்க விடுங்கள்.