உயர் உருப்பெருக்க ஸ்கோப்பைத் தெரிவு செய்தல்: மலையகத்துச் சுடுநர்களுக்கான வழிகாட்டல்

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிக் குறிப்பார்வையாகிய ஸ்கோப்பை வாங்க எண்ணுபவர் முதலில் பார்க்க வேண்டியது தமது போட்டியின் விதிப்புத்தகத்தையே. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகப் பங்கேற்ற 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. அங்கே சிறு துளை வழியாக இலக்கைப் பார்க்கும் குறிப்பார்வையை மட்டுமே பயன்படுத்தலாம். ஒலிம்பிக்கின் 50 மீற்றர் ரைபிள் போட்டிக்கும் இதுவே விதி. பாடசாலைப் போட்டிகளுக்காக எயார் ரைபிளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் ஸ்கோப்பைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை நல்ல பெல்லட்டுகளுக்கும் (எயார் ரைபிள் ரவைகளுக்கும்) பயிற்சி அங்கிக்கும் செலவிடுங்கள் என்றே அவர்களிடம் சொல்லி வருகிறேன்.

ஸ்கோப்புக்கு இடமளிக்கும் போட்டிகள் வேறு. மேசையில் துப்பாக்கியைத் தாங்க வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், எயார் ரைபிளுக்கு 25 மீற்றரிலும் .22 ரைபிளுக்கு 50 மீற்றரிலும் நடத்தப்படுகிறது. நிலத்தில் படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ் 1000 யார் (கெஜம்) தூரம் வரை நீள்கிறது. வெட்டவெளியில் வெவ்வேறு தூரங்களில் வைக்கப்பட்ட உலோக இலக்குகளை எயார் ரைபிளால் வீழ்த்தும் ஃபீல்ட் டார்கெட் மூன்றாவது வகை. பெஞ்ச்ரெஸ்டில் ஒரு பிரிவு உருப்பெருக்கத்தை 6.5 மடங்குக்கு மட்டுப்படுத்துகிறது. எஃப்-கிளாஸின் எஃப்-டீஆர் பிரிவிலோ, ஸ்கோப்பும் முன்தாங்கியும் உட்பட மொத்த எடை 8.25 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே உங்கள் பிரிவின் எல்லைகளைத் தாளில் எழுதிக்கொண்ட பின்னரே பட்டியல்களைப் புரட்டுங்கள்.

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் உருப்பெருக்கம்தான். நைட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் போட்டி ஸ்கோப் 15 முதல் 55 மடங்கு வரையும், வோர்டெக்ஸின் கோல்டன் ஈகிள் 15 முதல் 60 வரையும், மார்ச் நிறுவனத்தின் ஒரு மாதிரி 8 முதல் 80 வரையும் பெருக்குகின்றன. எண் கூடக் கூட விலையும் கூடுகிறது, ஆசையும் கூடுகிறது. ஆனால் நம் மலைகளில் பல ஆண்டுகள் சுட்டுப் பழகியவன் என்ற முறையில், மேல் எல்லையைவிடக் கீழ் எல்லையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டும்.

ஸ்கோப்பின் முன்வில்லையாகிய பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண் வைக்கும் பக்கத்திலுள்ள பார்வைத்துண்டிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 52 மில்லிமீற்றர் பொருளியைக் கொண்ட ஸ்கோப்பை 52 மடங்கில் வைத்தால் அந்தக் கற்றை ஒரு மில்லிமீற்றர் மட்டுமே. 20 மடங்குக்குக் குறைத்தால் 2.6 மில்லிமீற்றர். கற்றை சிறுக்கும்போது படம் இருள்கிறது, தலை ஒரு நூலளவு அசைந்தாலும் பார்வைப்புலம் கறுத்துவிடுகிறது. வெயில் பளிச்சென்று அடிக்கும் சமவெளித் திடலில் இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ காலை எட்டு மணிக்கு மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும்போது நிலைமை வேறு. ஸ்கோப் இலக்கைப் பெருக்குவது போலவே இடையிலுள்ள பனியையும் பெருக்கிக் காட்டுகிறது. கறுப்பு வட்டமும் வெள்ளைத் தாளும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடுகின்றன. ஒரு போட்டியில் 50 மடங்கில் எதுவுமே தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருக்க, அடுத்த மேசையில் இருந்தவர் உருப்பெருக்க வளையத்தை 18க்குத் திருப்பி அமைதியாகச் சுட்டு முடித்தார். அன்று என் ஸ்கோப்பின் கீழ் எல்லை 25 ஆக இருந்தது. அதற்கும் கீழே போக எனக்கு வழி இருக்கவில்லை.

கானல் இரண்டாவது காரணம். நுவரெலியா, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்திருக்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில், ஊவா பக்கம் வறண்ட காற்று வீசுகிறது. அந்தப் பருவத்து ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும் அந்தக் காற்றுத்தான். வெயிலேறிய பின் சூடான தரையிலிருந்து எழும் காற்றலை, 40 மடங்குக்கு மேல் பார்க்கும்போது இலக்கைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியச் செய்யும். அனுபவமுள்ளவர் இந்த நெளிவு ஓடும் திசையைப் பார்த்தே காற்றைக் கணித்துக்கொள்வார். ஆகவே கானலைப் படிக்க ஓரளவு உயர்ந்த பெருக்கமும், சுடும் கணத்தில் நிலையான படத்தைப் பெறக் குறைந்த பெருக்கமும் தேவைப்படுகின்றன. மாறாத 36 அல்லது 45 மடங்கு ஸ்கோப்புகள் எடை குறைந்தவை, உள்ளே அசையும் பாகங்களும் குறைவு. பெஞ்ச்ரெஸ்ட் சுடுநர்கள் அவற்றை விரும்புவது நியாயமே. எனினும் நம் மலைநாட்டில் ஒரேயொரு ஸ்கோப்பை மட்டும் வைத்திருக்கப் போகிறவர், 10 அல்லது 12 மடங்கில் தொடங்கி 50ஐ எட்டும் மாறும் வகையை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடியின் தரத்தைக் கடையின் மின்விளக்கொளியில் சோதிக்க வேண்டாம். மங்கலான மாலையில் வெளியே கொண்டுபோய், எதிர் மலையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை விளிம்பையோ ஒரு மின்கம்பியையோ உயர் பெருக்கத்தில் பாருங்கள். கறுப்பு விளிம்பின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிந்தால் நிறப்பிறழ்ச்சி மிகுதி என்று பொருள். இரு வேறு ஸ்கோப்புகளை ஒரே பெருக்கத்தில், ஒரே நேரத்தில் மாறி மாறிப் பார்த்தால் மட்டுமே இந்த வேறுபாடு துலக்கமாகப் புலப்படும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத, ஆனால் கண்ணாடியைவிட முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள திருகுமுடிகளின் ஒவ்வொரு கிளிக்கும் குறியைக் குறித்த அளவு நகர்த்த வேண்டும். கோண அளவில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, என்பது 100 மீற்றரில் 29.1 மில்லிமீற்றர், 50 மீற்றரில் 14.5 மில்லிமீற்றர். எட்டில் ஒரு கலை கிளிக் கொண்ட ஸ்கோப் 50 மீற்றரில் 1.8 மில்லிமீற்றர் நகரும்; .22 ரவை இடும் துளையின் விட்டத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கால் கலை கிளிக் இதன் இருமடங்கு. எஃப்-கிளாஸில் 1000 யாரில் நடு வட்டம் 5 அங்குலம். கால் கலை கிளிக் அங்கே 2.6 அங்குலம் தாவுகிறது. எனவே நுண்ணிலக்குப் போட்டிக்கு எட்டில் ஒரு கலையே பொருத்தம்.

அந்தக் கிளிக்குகள் சொன்ன அளவே நகர்கின்றனவா என்பதை ஒரு ரவையும் செலவிடாமல் சோதிக்கலாம். ஸ்கோப்பை அசையாத ஒரு தாங்கியில் இறுக்கிப் பொருத்துங்கள். இலக்குக்கும் ஸ்கோப்புக்கும் இடையே சரியாக 50 மீற்றரை நாடாவால் அளவிடுங்கள். அரை மீற்றர் தவறினால் விடை நூற்றுக்கு ஒன்று பிழைக்கும். இலக்குப் பலகையில் ஓர் அளவுநாடாவைத் தூக்குக்குண்டு நூலின் துணையோடு செங்குத்தாக ஒட்டி, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியைப் பூச்சியத்தில் வைத்து, 40 கலை, அதாவது எட்டில் ஒரு கலைத் திருகில் 320 கிளிக் திருப்புங்கள். கம்பி 58.2 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும். பின்னர் முழுவதையும் திருப்பி எடுங்கள். அது மீண்டும் பூச்சியத்துக்கே வர வேண்டும். அளவில் சிறு பிழை எப்போதும் ஒரே விகிதத்தில் இருந்தால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். பூச்சியத்துக்குத் திரும்பாத ஸ்கோப்பை, கண்ணாடி எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கவே கூடாது. கம்பி போகும் வழியில் நாடாவை விட்டுப் பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கலாம். நிமிர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

திருகுகளை நம்ப முடிவது நமக்கு ஏன் கூடுதலாகத் தேவை என்றால், நாம் உயரங்களுக்கிடையே பயணம் செய்பவர்கள். தியத்தலாவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1250 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. 50 மீற்றரில் இதனால் கவலையில்லை. பல நூறு மீற்றர் தாண்டினால் ரவைக்குத் தடை குறைந்து, சமவெளியில் எடுத்த அளவைவிட மேலே படும். அங்கும் இங்கும் எடுத்த அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, போன இடத்தில் அந்த எண்ணுக்குத் திருப்பினால் போதும் என்ற நிம்மதியை நேர்மையான திருகு மட்டுமே தரும். 1000 யார் தூரத்தில் சுடுபவர் மேல்நோக்கிய திருகுவீச்சு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்: மொத்தம் 70 கலை வீச்சுள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே 35தான் மிஞ்சும், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும், 20 கலை சாய்வுள்ள தாங்குதண்டில் பொருத்தினால் அது 55 ஆகும்.

கண் அசைந்தால் கம்பியும் இலக்கின் மேல் அசைவது போலத் தெரியும் இடமாறு தோற்ற வழுவைத் திருத்தும் பக்கத் திருகு இந்த வகையில் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணை மேலும் கீழும் அசைத்தாலும் கம்பி இலக்கின் மேல் நகராத நிலை வரும்வரை அதைத் திருப்புங்கள். திருகில் பொறித்த தூர எண்ணை நம்ப வேண்டாம். எயார் ரைபிளுக்கு அது 10 மீற்றருக்கும் கிட்டவாகக் குவிய வேண்டும். சுருள்வில் எயார் ரைபிள் பின்னேயும் முன்னேயும் உதறுவதால், சாதாரண ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப் அதில் விரைவில் பழுதடையலாம். உற்பத்தியாளர் அதற்கு எழுத்தில் உத்தரவாதம் தருகிறாரா என்று பாருங்கள். கம்பியோ மெல்லியதாகவும், பெருக்கத்தோடு தானும் தடிக்காத இரண்டாம் குவியத்தள வகையாகவும் இருக்கட்டும்.

வாங்கும் வழியிலும் அவதானம் தேவை. துப்பாக்கி உரிமங்கள் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஸ்கோப்பை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க விரும்புபவர், பணம் கட்டுமுன் தமது கழகத்தினூடாகப் பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் பெற வேண்டும். பழைய ஸ்கோப்பை வாங்கினால், பார்வைத்துண்டின் பக்கமிருந்து கைவிளக்கைப் பிடித்துப் பொருளி வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். நான் முதன்முதலில் வாங்கிய பழைய ஸ்கோப்பில் இப்படி ஒன்று உள்ளே படர்ந்திருந்ததை ஒரு மாதம் கழித்தே கண்டேன். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.

நல்ல ஸ்கோப்பும் நம் வீடுகளில் கெட்டுப்போகலாம். ஈரம் ஊறும் சுவரோடு ஒட்டிய அலுமாரியிலோ தோலுறையிலோ அதை வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வைத்து, நூற்றுக்கு 40 முதல் 50க்குள் பேணுங்கள்; ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுங்கள். குளிர்ந்த காலையில் சுட்டுவிட்டு வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் பெட்டியைத் திறந்தால் வில்லையில் நீர் பூக்கும். வெப்பம் சமமாகும் வரை அரை மணி நேரம் மூடியபடியே விட்டு, பின்னர் திறந்து, தூசியை ஊதி அகற்றியபின் மட்டுமே வில்லைத் துணியால் துடையுங்கள்.