மூடியைத் திறந்ததும் 'புஸ்'

காரைக்குடியில் எனக்குப் பட்டறை. அயித்தை மகன் தொண்டியில் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறான். கரையில் ஒழுங்காக ஓடும் எஞ்சின், கடலில் அரை மணி நேரம் போனதும் திணறி நின்றுவிடும். ஃபில்டர், பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. காசு போனதுதான் மிச்சம்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். எஞ்சின் நின்றதும் டேங்க் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் இருந்த காற்றுத் துளை குண்டூசித் தலை அளவுதான். அதிலும் உப்பு பூத்து அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. பம்ப் பாவம் என்ன செய்யும்?

துளையைப் பெரிதாக்கினால் அலைத்தண்ணீர் இறங்கும். அதனால் டேங்க் மேலே நிப்பிள் (ஓஸ் மாட்டும் சின்னக் குழாய் முனை) வைத்து, 16 மி.மீ. டீசல் ஓஸை உயரத் தூக்கி, நுனியை வள்ளத்துக்கு வெளியே கீழ்நோக்கி வளைத்து, துருப்பிடிக்காத வலை கட்டினோம். ஓஸ் நடுவில் தொய்ந்தால் டீசல் தேங்கி மறுபடி அடைக்கும். கிளிப் போட்டு இழுத்துக் கட்டியது அதற்காகத்தான்.

அப்புறம், உறிஞ்சு குழாயை அடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினேன். அடியில் அரை டம்ளர் தண்ணீர் கிடந்தது. பெட்ரோல் டேங்க் வைத்திருப்பவர்கள் ஓஸ் நுனியை வள்ளத்துக்கு உள்ளே விடவே கூடாது. ஆவி தேங்கினால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.