கோப்பைக் கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

உலகக் கோப்பை நெருங்கிவிட்டால் புதுச்சேரியில் கால்பந்து வினாடி வினாவுக்குப் பஞ்சமே இருக்காது. கல்லூரி, நண்பர்கள் மன்றம், குடியிருப்போர் நலச்சங்கம் என்று ஆளாளுக்கு ஒன்று நடத்துகிறார்கள். கேள்வித்தாளைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் முதல்முறையாகக் கேள்வி தயாரிப்பவர்கள். ஆரம்பத்தில் நான் விழுந்த குழிகளிலேயே அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, கோல் எண்ணிக்கையில் பிழை போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் மேடை வரை போய்விடும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

1950-இன் 'இறுதிப்போட்டி'

இந்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. 1950 உலகக் கோப்பையில் இறுதிப்போட்டியே கிடையாது. பிரேசில், உருகுவே, சுவீடன், ஸ்பெயின் ஆகிய நான்கு அணிகளும் கடைசிச் சுற்றில் லீக் முறையில், அதாவது ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை என்று மோதின. அதிகப் புள்ளி எடுத்த அணிக்குக் கோப்பை. ஆட்டங்கள் கூடினால் டிக்கெட் வசூலும் கூடும் என்பது போட்டியை நடத்திய பிரேசில்காரர்களின் கணக்கு.

'கடைசி நாளில் பிரேசிலும் உருகுவேயும்தானே மோதின, அதை இறுதிப்போட்டி என்று சொன்னால் என்ன?' என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அதே ஜூலை 16 அன்று, அதே சுற்றில், சாவோ பாலோவில் சுவீடனும் ஸ்பெயினும் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு என்ன பெயர் வைப்பது?

பெயரை விடுங்கள், புள்ளிக் கணக்கைப் பாருங்கள். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. பிரேசில் சுவீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கிவிட்டு 4 புள்ளிகளோடு வந்தது. உருகுவே ஸ்பெயினுடன் 2-2 என்று சமன் செய்து, சுவீடனை 3-2 என்று தட்டுத்தடுமாறி வென்று 3 புள்ளிகளோடு வந்தது. ஆகவே பிரேசிலுக்கு வெற்றி தேவையில்லை, சமனே போதும். இடைவேளை முடிந்ததும் ஃப்ரியாசா கோல் அடித்தபோது உருகுவேவுக்கு இரண்டு கோல் வேண்டியிருந்தது. 66-ஆவது நிமிடத்தில் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். இறுதிப்போட்டியாக இருந்தால் 1-1 என்பது இருவருக்கும் பொது, கூடுதல் நேரத்துக்குப் போகும் ஸ்கோர். இங்கே அது பிரேசிலின் ஸ்கோர். அடுத்த 13 நிமிடங்களும் கோப்பை பிரேசிலிடம்தான் இருந்தது. 79-ஆவது நிமிடத்தில் கிஜ்ஜா கோல்காவலர் பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே பந்தைச் செலுத்தினார். அதற்குப் பிறகும் பிரேசிலுக்கு ஒரே ஒரு கோல் போதுமாக இருந்தது. அது வரவில்லை. ஆட்டம் நடந்த மரக்கானா மைதானத்தில் திரண்டிருந்த கூட்டம் ஏன் அப்படி உறைந்துபோனது, பார்போசாவை ஆயுள் முழுக்க ஏன் விடாமல் பழித்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

இங்குள்ள கல்லூரி ஒன்றில் நடந்த வினாடி வினாவில், சமநிலையை முறிக்கும் கடைசிக் கேள்வியாக இதையே வைத்திருந்தார்கள்: '1950 இறுதிப்போட்டியில் வெற்றிக் கோலை அடித்தவர் யார்?' முதலில் மணி அடித்த மாணவி, அந்த ஆண்டு இறுதிப்போட்டி நடக்கவில்லை என்றாள். கேள்வி நடத்தியவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் கிஜ்ஜா என்று இருந்தது. 'தவறான விடை' என்று அடுத்த அணிக்குத் தள்ளினார். அவர்கள் கிஜ்ஜா என்றார்கள், பரிசும் கோப்பையும் அவர்களுக்குப் போயின. பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்துபோய் விளக்கினேன். 'சார், அறிவித்தாகிவிட்டது' என்றார்கள். கேள்வித்தாளில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். அரங்கிலேயே சரியாகப் படித்துவந்த ஒரே ஆளைத் தோற்கடித்து அனுப்பினார்கள்.

'1950-இல் பட்டத்தை முடிவுசெய்த ஆட்டத்தில்' என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

இந்தியா, 1964

மேலே சொன்னதன் உள்ளூர்ப் பதிப்பு இது. 'ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியில் இந்தியா இஸ்ரேலிடம் தோற்றது' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். 1964-இல் நான்கு அணிகள் லீக் முறையில் ஆடின. இந்தியா தென் கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்று இரண்டாம் இடம் பிடித்தது. இறுதிப்போட்டி அங்கேயும் இல்லை. ஆர்வம் மிகுந்த சிலர் இந்தியா ஆசியக் கோப்பையை வென்றதாகவே எழுதிவிடுகிறார்கள். 1951-இலும் 1962-இலும் நாம் வென்றது ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கம். அது வேறு போட்டி.

பெயரில் உள்ள ஆண்டும் ஆடிய ஆண்டும்

ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2020-ஐ இத்தாலி வென்றது 2021-இல். 2021 ஆப்பிரிக்கக் கோப்பையை செனகல் வென்றது 2022-இல். 2023 ஆசியக் கோப்பையை கத்தார் வென்றது 2024-இல். 'எந்த ஆண்டு வென்றது?' என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் தரத் தயாராக இருங்கள்.

ஜெர்மனி

நான்கு உலகக் கோப்பைகள் என்பது சரி. ஆனால் 1954, 1974, 1990 மூன்றும் மேற்கு ஜெர்மனி என்ற பெயரில் வென்றவை. 1990-இல்தான் பலரும் சறுக்குகிறார்கள். இறுதிப்போட்டி ஜூலையில் முடிந்துவிட்டது, இரு ஜெர்மனிகளும் இணைந்தது அக்டோபரில். 1974 இன்னும் வம்பு: அந்தப் போட்டியில் கிழக்கு ஜெர்மனியும் ஆடியது, மேற்கு ஜெர்மனியை 1-0 என்று வீழ்த்தவும் செய்தது. 'ஜெர்மனி' என்று மட்டும் எழுதினால் எந்த ஜெர்மனி?

பிரான்ஸ், 1984

புதுச்சேரியில் இதைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஊரில் நடமாட முடியாது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஒருவர் இருக்கிறார். பிரான்ஸ் உலகக் கோப்பை வென்ற 1998, 2018 என்றால் பெருமையாகச் சிரிப்பார், 1984 என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஆண்டு பிரான்ஸ் யூரோ கோப்பையையும் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது. யூரோவில் பிரான்ஸ் அணித்தலைவர் பிளாட்டினி 5 ஆட்டங்களில் 9 கோல் அடித்தார். அதைப் படித்தவர்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் தங்கத்தையும் அவர் கழுத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். உலகக் கோப்பையில் ஆடிய ஐரோப்பிய, தென் அமெரிக்க வீரர்களுக்கு அந்த ஒலிம்பிக்கில் இடமில்லை. பிரேசிலை 2-0 என்று வென்று தங்கம் வாங்கியது முற்றிலும் வேறு அணி.

உருகுவேயின் நான்கு நட்சத்திரங்கள்

சட்டையில் நான்கு, உலகக் கோப்பை இரண்டு. மற்ற இரண்டும் 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்களுக்கானவை.

ஷூட் அவுட்

ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியை முடிவுசெய்ய மாறி மாறி அடிக்கும் பெனால்டி கோல்களை ஸ்கோரில் கூட்டாதீர்கள். 2022 இறுதிப்போட்டி 3-3, ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2. இதை 7-5 என்று எழுதிக் கொண்டுவந்தவரும் உண்டு.

பெண்கள் அணிகள்

'உலகக் கோப்பையை அதிகமுறை வென்ற நாடு எது?' ஆண்களில் பிரேசில், 5. பெண்களில் அமெரிக்கா, 4. யாருடைய கோப்பை என்று குறிப்பிடாத கேள்வியை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இத்தாலி, 1968

யூரோ அரையிறுதியில் சோவியத் யூனியனை நாணயம் சுண்டித்தான் தாண்டியது. யூகோஸ்லாவியாவுடனான இறுதிப்போட்டி 1-1 என்று முடிந்ததால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஆடி 2-0 என்று வென்றது. இரண்டும் நடந்தவை. அச்சுப்பிழை என்று நினைத்து அடித்துவிட வேண்டாம்.