செங்கல் சூளையில் கொத்தடிமைகள் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால்

செங்கல் சூளையில் குடும்பம் குடும்பமாகக் கல் அறுப்பவர்கள் கொத்தடிமைகளா என்று அறிய, பூட்டையும் காவலாளியையும் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது முன்பணம்தான். முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரி அருகில் இல்லாதபோது, ஊரில் ஒரு சாவு என்றால் எல்லோரும் சேர்ந்து போக முடியுமா என்று கேளுங்கள். “பிள்ளையை இங்கே விட்டுட்டுத்தான் போகணும்” என்று பதில் வந்தால், அதற்குமேல் பெரிய அடையாளம் வேண்டாம். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் தெரியாமல் வாரச் செலவுக்காசை மட்டும் அறிந்திருப்பதும், ரேஷன் அட்டை முதலாளியிடம் இருப்பதும், பள்ளி வயதுப் பிள்ளைகள் இன்னும் சுடாத பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவதும் கவனிக்க வேண்டியவை. முன்பணத்தைக் காட்டி, வேறு வேலைக்குப் போகவோ விரும்பிய இடத்துக்குச் செல்லவோ ஒருவரைத் தடுத்தாலே அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அடி உதை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இரக்கப்பட்டுப் பணம் திரட்டி அந்த முன்பணக் கடனை அடைக்க முனையாதீர்கள். சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அதைத் திரும்ப வாங்குவதே குற்றம். முதலாளியிடம் நேரில் நியாயம் கேட்பதும் ஆபத்து, ஏனெனில் இரவோடு இரவாக ஆட்களை வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள்.

மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் மனு கொடுங்கள். சூளைக்குப் போகும் வழி, எத்தனை குடும்பங்கள், எத்தனை குழந்தைகள், சொந்த ஊர், முன்பணம், நடமாட்டத்துக்கு உள்ள தடை ஆகியவற்றைத் தெரிந்த அளவுக்கு எழுதி, மனு பெற்றதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112, குழந்தைகள் இருந்தால் 1098.

விசாரணையை முதலாளியின் கண்ணெதிரே நடத்த வேண்டாம் என்று அதிகாரியிடம் வலியுறுத்துங்கள், ஏனெனில் முதலாளி நிற்கும் இடத்தில் “நாங்களாத்தான் வந்தோம்” என்பதைத் தவிர வேறு சொல் வராது. கடன் கொத்தடிமைக் கடனல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது. தொழிலாளி ரசீது காட்ட வேண்டியதில்லை.

வண்டி ஏற்றி ஊருக்கு அனுப்புவதோடு பல மீட்புகள் நின்றுவிடுகின்றன, அதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகக் கிடைத்ததா என்று பாருங்கள். அது இல்லாமல் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியைப் பெற முடியாது. வழக்கு முடியும்வரை அந்த உதவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மழைக்காலம் முடிந்து அடுத்த முன்பணத்தோடு மேஸ்திரி வாசலில் வந்து நிற்பதற்குள் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.